ஆங் லீக்கு முத்திரை உண்டா? (கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

தைவான் இயக்குநர் ஆங் லீயின் படங்களை வரிசையாகப் பார்த்து முடித்தேன். ஒன்றில் இங்கிலாந்துக் கிராமம், ஒன்றில் மூங்கில் காட்டு வாள்சண்டை, ஒன்றில் கடலில் புலி. எதையும் எடுப்பார், ஆனால் சொந்த முத்திரை கிடையாது என்கிறான் நண்பன். உண்மையா? எனக்கும் படம் எடுக்க ஆசை. அப்பச்சி கடையைப் பார் என்கிறார்கள்.

க., தேவகோட்டை

அன்புள்ள க.,

நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆசை, அதுதான் அவருடைய கதை. 'தி வெட்டிங் பாங்க்வெட்' (1993) படத்தில், ஆணைக் காதலிக்கும் மகன் பெற்றோருக்காக ஒரு பெண்ணோடு கல்யாண நாடகம் போடுகிறான். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. மகனின் காதலனைத் தனியே அழைத்து, சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறார். மனைவியிடம்கூட மூச்சு விடுவதில்லை.

'ஈட் ட்ரிங்க் மேன் வுமன்' (1994) செட்டிநாட்டார் கட்டாயம் பார்க்க வேண்டிய படம். தைபேயில் மனைவியை இழந்த சமையல் மாஸ்டர், மூன்று பெண்கள், ஞாயிறுதோறும் விருந்து. தொடக்கத்தில் கத்தியும் கொதிக்கும் எண்ணெயும்தான் பேசுகின்றன. வாத்தின் தோலுக்குள் காற்றை ஊதி உப்பவைக்கிறார் அந்த மனிதர். மேசை நிறையப் பண்டம், உட்கார்ந்தவர்களுக்குச் சாப்பிட மனமில்லை. இலை நிறையப் பரிமாறிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமலே எழுந்துபோகும் பெரியவர்களை நம் வளவுகளிலும் பார்த்திருக்கிறேன். கைப்பக்குவம் வாய்த்த நடு மகளை, படிக்கட்டும் என்று அடுப்படியைவிட்டு விலக்கியவர் அவர். நாக்கில் ருசி செத்துப்போன அவருக்கு அது திரும்புவது அவள் வைத்த சூப்பில்தான்.

அடுத்த ஆண்டே ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி'. சொத்து மூத்த தாரத்து மகனுக்குப் போக, தாயும் பெண்களும் வீட்டைவிட்டுக் கிளம்பும் கதை. தைவான்காரருக்கு அது எப்படி அந்நியமாக இருக்கும்? வாள்சண்டைப் படமான 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' (2000) படத்திலும் நிச்சயித்த கல்யாணத்திலிருந்து தப்பப் பார்க்கும் பெண்தான் உயிர்.

'ப்ரோக்பேக் மவுண்டன்', 'லைஃப் ஆஃப் பை' இரண்டுக்கும் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தது. பின்னதில் அவர் தயாரிப்பாளரும்கூட. தைசுங் நகரின் பழைய விமான நிலையத்தில் பிரம்மாண்டமான அலைத்தொட்டி கட்டிக் கடல் காட்சிகளை எடுத்தார். பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டு வருவதும் அதில்தான். அதன்பின் படம் துல்லியமாகத் தெரிய நொடிக்கு 120 பிரேம் என்று தொழில்நுட்பத்தின் பின்னால் போனார். 'ஜெமினி மேன்' (2019) எனக்கு ஒட்டவே இல்லை. முகத்தின் மயிர்க்கால்கூடத் தெரிகிறது, மனிதர்கள் தெரியவில்லை.

உங்கள் ஆசைக்கு வருகிறேன். நியூயார்க்கில் சினிமா படித்து முடித்த பிறகு ஆறு ஆண்டுகள் அவருக்குப் படமே அமையவில்லை. வீட்டில் சமைத்தார், பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், எழுதினார். குடும்பம் ஓடியது ஆராய்ச்சியாளரான மனைவியின் சம்பளத்தில். இதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்பவர்களை நம்பாதீர்கள். 1990இல் தைவான் அரசின் திரைக்கதைப் போட்டியில் அவருடைய இரண்டு கதைகளுக்கும் பரிசு கிடைத்த பிறகே முதல் படம் வந்தது.

கடையை இப்போது விடாதீர்கள். கடை சாத்திய பிறகு எழுதுங்கள், ஒரு திரைக்கதையையாவது முழுசாக முடியுங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.