எடை மெஷின் எங்கே என்று நீங்களே கேளுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. அப்பாவுக்கு 64 வயது, தொண்டைப் புற்றுநோய், ரேடியேஷன் நடக்கிறது. நாலு மாதத்துக்கு முன்பு 68 கிலோ இருந்தவர் போன வாரம் வீட்டு மெஷினில் 61. விழுங்க வலிக்கிறது என்று கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார். டாக்டரிடம் சொன்னால், "நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்பதோடு சரி. அத்தையோ முட்டை, மீன், இனிப்பு எல்லாம் கட்டிக்குத் தீனி, கொடுக்கவே கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு மகள், பட்டர்வொர்த்

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். 68-இல் 7 கிலோ என்றால் பத்து சதவீதத்துக்கும் மேல். ஆறு மாதத்தில் 5 சதவீதம் தாண்டினாலே கவலைப்பட வேண்டும், அப்பா அதைப்போல் இரண்டு மடங்கு இறங்கியிருக்கிறார். இதைப் பிடிக்கப் பெரிய ஸ்கேன் எதுவும் வேண்டாம். எம்எஸ்டி என்று ஆஸ்திரேலியாவில் 1999-இல் வந்த சோதனையில் மொத்தமே இரண்டு கேள்விதான்: தானாக எடை குறைந்ததா, எவ்வளவு? பசி குறைந்து சரியாகச் சாப்பிட முடியவில்லையா? 7 கிலோ இறங்கியதற்கு 2 புள்ளி, சாப்பாடு குறைந்ததற்கு 1. இரண்டு வந்தாலே டயட்டீஷியன் பார்க்க வேண்டும், அப்பாவுக்கு மூன்று.

டாக்டர் ஏன் இதைக் கேட்கவில்லை என்று கோபப்படுகிறீர்கள், நியாயம்தான். ஆனால் அது அவர் ஒருவரின் அலட்சியம் இல்லை, படிக்கும்போது அவருக்கு இதை யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. 1974-இலேயே ஓர் அமெரிக்க மருத்துவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களின் உயரத்தையும் எடையையும்கூட யாரும் எழுதி வைப்பதில்லை, நோயாளிகள் நம் கண் முன்னாலேயே பட்டினியில் தேய்கிறார்கள் என்று போட்டு உடைத்தார். அவர் பெயரும் பட்டர்வொர்த் என்பது வேடிக்கை, உங்கள் ஊருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. 1985-இல் அமெரிக்காவில் மருத்துவப் படிப்பில் சத்துணவுக்குக் குறைந்தது 25 மணி நேரமாவது ஒதுக்கச் சொன்னார்கள். நாலு வருடப் படிப்பில் அது ஒரு வாரத்துப் பாடம்கூட இல்லை! அப்புறம் 2019-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், எந்த நாடானாலும் மருத்துவ மாணவர்களுக்கு இந்தப் பாடம் போதவில்லை என்றுதான் வந்தது. கட்டியின் அளவை மில்லிமீட்டரில் சொல்லத் தெரிந்தவருக்கு எத்தனை முட்டை கொடுக்கலாம் என்று சொல்லத் தெரியாமல் போவது இப்படித்தான்.

அதனால் அடுத்த முறை போகும்போது எடையைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். "டயட்டீஷியனுக்கு லெட்டர் கொடுங்க டாக்டர்" என்று நேராகவே கேளுங்கள். விழுங்கும் வலிக்கு மருந்து இருக்கிறது, அதையும் கேளுங்கள். மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று சொன்னால் பயந்து ஓடாதீர்கள், தொண்டை ரேடியேஷனில் அது பலருக்கும் தேவைப்படுவதுதான், கடைசிக் கட்டம் என்று அர்த்தமில்லை.

அத்தை விஷயம். அப்பா சாப்பிடாவிட்டால் கட்டி பட்டினி கிடக்காது, உடம்பு தன் தசையைக் கரைத்து அதற்கும் சேர்த்துப் படியளக்கும். இப்போதைய எடைக்கு அவருக்கு நாளுக்குச் சுமார் 1,500 முதல் 1,800 கலோரி வேண்டும், புரதம் 60 கிராமுக்குக் குறையக் கூடாது, 90 வரை போகலாம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கிளாஸ் பாலில் 8. வெறும் கஞ்சியில் அந்த அளவு எப்படி வரும்? கஞ்சி கொதிக்கும்போதே முட்டையை அடித்து ஊற்றுங்கள், தேங்காய்ப்பால், பால்மாவு சேருங்கள். விரால் மீன் சூப் வைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் கொடுத்து மீனை வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுகிறோம் பாருங்கள், சத்து அந்தச் சதையில்தான் இருக்கிறது, அதை மசித்துக் கொடுங்கள். ஐந்தாறு நாளாக ஏறக்குறைய ஒன்றுமே இறங்கவில்லை என்றால் மட்டும் ஒரேயடியாகத் திணிக்காமல், டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

கேள்வி: அம்மா 82 கிலோ, இனிப்பு நீர் வேறு. கீமோவில் 6 கிலோ குறைந்துவிட்டது. நல்லதுதானே?
– செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்: இல்லை. கொழுப்பு அப்படியே இருக்க, தசை கரைந்திருக்கலாம், குண்டாக இருப்பவர்களிடம் இது கண்ணுக்குத் தெரியாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். முடியவில்லை என்றால் அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்க வேண்டாம்.