முதியோர் நலம்: வாசகர் கேள்வி - பதில்

என் அப்பாவுக்கு 74 வயது. பிரஷருக்கு அம்லோடிபின், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, ப்ராஸ்டேட்டுக்கு ராத்திரி ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு முறை விழுந்துவிட்டார். பிரஷர் 130/80தான் இருக்கிறது. சத்துக் குறைவா? டானிக் கொடுக்கலாமா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

டானிக் வேண்டாம். 130/80 என்பது உட்கார வைத்துப் பார்த்த அளவு. அப்பா விழுவதோ எழுந்து நிற்கும்போது. நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் நீங்களே செய்யலாம். காலையில் மாத்திரை போடும் முன் 5 நிமிடம் படுக்க வைத்து அளந்து எழுதுங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுந்து நிற்கச் சொல்லி, 1-வது நிமிடமும் 3-வது நிமிடமும் மறுபடி அளங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். தொங்கவிட்டால் மெஷின் கூட்டிக் காட்டும், இறக்கம் தெரியாமல் போய்விடும். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். படுத்திருந்ததைவிட மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் காரணம் பிடிபட்டுவிட்டது.

நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும். வயதானால் இது மந்தமாகும். ப்ராஸ்டேட் மாத்திரைகளில் பல (டாம்சுலோசின் போன்றவை) குழாய்களை இன்னும் தளர்த்தும். நீர் மாத்திரை உடம்பு நீரை இறக்கும். சேலத்து வெயிலில் வியர்வையாகவும் போகும். போதாததற்கு, ராத்திரி எழ வேண்டுமே என்று பெரியவர்கள் பகலிலும் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அம்லோடிபினே சிலருக்குக் கால் வீக்கம் தரும். அந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை, அதனால் தலைசுற்றல், அதற்கு இன்னொரு மாத்திரை என்று சங்கிலி நீள்வதை முதியவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, எழுதிய அளவுகளோடு டாக்டரிடம் காட்டி, "வீக்கம் அம்லோடிபினால் வந்திருக்குமா?" என்றே கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

அதுவரை: எழும்போது கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு 2 நிமிடம் உட்காரட்டும். பாதங்களை 15 தடவை மேலும் கீழும் அசைக்கட்டும். பிறகு பிடித்துக்கொண்டு எழுந்து, சற்று நின்றபின் நடக்கட்டும். நின்றபடி சிறுநீர் கழிக்க வேண்டாம். இரவுக்குக் கட்டிலருகே யூரின் கேன் வையுங்கள். பாத்ரூமில் டவல் கம்பியைப் பிடித்தால் அது கையோடு வந்துவிடும். சுவரில் ஸ்க்ரூ போட்ட கைப்பிடிதான் தாங்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலை அடிபட விழுந்தால், நன்றாகப் பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, சுகருக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். விடிந்ததும் மாத்திரையையும் வரக்காப்பியையும் குடித்துவிட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறார். 10 மணிக்கு மேல் கை நடுக்கம், வியர்வை. சுகர் ஏறிவிட்டதா?
- வாசகி, ஏற்காடு

பெரும்பாலும் இறங்கியிருக்கும். இந்த மாத்திரை சாப்பாட்டுக்குக் காத்திராமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிடாமல் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடும். மாத்திரை முதல் சாப்பாட்டோடுதான். ஏழு மணிக்கு இரண்டு இட்லியோ களியோ சாப்பிட முடியாதென்றால், வேறு மாத்திரை கேளுங்கள்.

நடுக்கம் வந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பிஸ்கட்டும் சாக்லேட்டும் உதவாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. சரியானதும் சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும், 108-ஐ அழையுங்கள். இந்த மாத்திரையால் இறங்கிய சர்க்கரை சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கலாம் என்பதால், மயக்கம் தெளிந்தாலும் ஆஸ்பத்திரியில் கண்காணிப்பு வேண்டும். வயதானவர்களில் சிலருக்கு நடுக்கமே வராது. பேச்சுக் குழறும், ஆள் தடுமாறுவார். அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருவது நல்ல வசதி. ஆனாலும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு நேரில் போய்வாருங்கள். சிறுநீரகம் மந்தமானால் மாத்திரை உடம்பில் தங்கி, சர்க்கரை தாழ்வது அதிகமாகும்.

ஃப்ரிட்ஜ் இல்லை. தாத்தாவின் இன்சுலினை எங்கே வைப்பது?
- வாசகர், ஓமலூர்

திறக்காத குப்பியை ஃப்ரிட்ஜ் உள்ள உறவினர் வீட்டிலோ மருந்துக் கடையிலோ வைத்து, ஒவ்வொன்றாக வாங்குங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்து உருகியது பயன்படாது. பயன்படுத்தும் குப்பியைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் 4 வாரம் வைத்திருக்கலாம். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதையும் பாருங்கள். அந்தக் குளிர்ச்சிக்கு ஒரு மண் பானைக்குள் சிறிய பானை, இடையில் ஈரமணல், மேலே ஈரத்துணி. குப்பியைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு உள்பானையில் வையுங்கள். காற்றோட்டமான நிழலில் இருந்தால்தான் பானை குளிரும். காலை, மாலை மணலை நனையுங்கள். தெளிந்த வகை கலங்கினாலும், பால் போன்ற வகை உருட்டியபின் கட்டிகட்டியாக நின்றாலும் அந்தக் குப்பியிலிருந்து ஊசி போடக் கூடாது.