முட்டிவலி மாத்திரையில் இருக்கும் என்சைம்தான் வயிற்றை அரிக்கிறதா?

வாசகி ஒருவரின் கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. முட்டிவலிக்கு மெடிக்கலில் கொடுத்த மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார், இப்போது மேல்வயிறு எரிகிறது என்கிறார். அட்டையில் அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால், செராஷியோபெப்டிடேஸ் என்று போட்டிருக்கிறது. கடைசியில் இருப்பது புரதத்தைச் செரிக்கும் என்சைமாம். அது இல்லாத மாத்திரையாக மாற்றினால் போதுமா?

போதாது. நீங்கள் சந்தேகப்பட வேண்டியது முதல் பெயரை. அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் ஆஸ்பிரின் வகையறா. மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கிளப்பிவிடுவது புராஸ்டாகிளாண்டின் என்கிற பொருள், அதை உடம்பு தயாரிக்கவிடாமல் இவை தடுக்கின்றன. 1971இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் இதைக் கண்டுபிடித்தார், 1982இல் நோபல் பரிசும் வாங்கினார். சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உள்சுவரில் இருக்கும் வழவழப்பான படலத்தைக் காப்பாற்றுவதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். அது குறைந்தால் படலம் மெலியும், அப்புறம் வயிற்றில் எப்போதும் இருக்கிற அமிலமும், கறியையும் பருப்பையும் செரிக்கிற பெப்சின் என்கிற என்சைமும் சுவரையே பதம் பார்க்கும். ஆக, புரதம் செரிக்கும் என்சைம் அரிக்கிறது என்று நீங்கள் நினைத்தது ஒருவகையில் சரிதான், ஆனால் அது அம்மாவின் வயிற்றிலேயே சுரக்கிற என்சைம். சாப்பிட்ட பிறகு போட்டாலும், ஊசியாகவே போட்டாலும் மருந்து ரத்தம் வழியாக வந்து இதே வேலையைத்தான் செய்யும்.

செராஷியோபெப்டிடேஸ் பட்டுப்புழுவின் குடலில் இருந்த பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. வீக்கத்தை வடிக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். ஜப்பானில் இதை விற்றுவந்த நிறுவனமே, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதனையில் பலன் தெரியவில்லை என்று 2011இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே இன்னும் அட்டை அட்டையாகப் போகிறது, டாக்டர்களும் எழுதுகிறார்கள். இதை யார் கேட்பது?

எனக்குப் பெரிய கவலை அந்த மெடிக்கல்தான். அசிக்ளோஃபெனாக் அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும், டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். ஆனால் “முட்டிவலிக்கு ஒரு செட்” என்று கேட்டால், பெயர் தெரியாதபடி கத்தரித்து நாலு மாத்திரையைக் கவரில் போட்டு நீட்டுகிறார்கள். நோயாளிக்கு வயிறு எரிந்து ரத்தவாந்தி வந்தால், எதைச் சாப்பிட்டார் என்றே ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. பெயர் இல்லாத மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள். ‘பக்கவிளைவே இல்லாத மூலிகை’ என்று வீடுதேடி வந்து விற்கும் மூட்டுவலிப் பொடியும் வேண்டாம், அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டையோ இதே வலி மருந்தையோ கலந்திருப்பதைப் பரிசோதனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் யாராவது இதயத்துக்குச் சாப்பிடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். அதுவும் வயிற்றுக்குக் கெடுதல்தான், ஆனாலும் கணக்கு வேறு. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் அது பார்த்துக்கொள்கிறது. இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்தவர் அதைச் சட்டென்று விட்டால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். எரிச்சல் இருந்தால் இதய டாக்டரிடம் சொல்லுங்கள், வயிற்றைக் காக்க வேறு மாத்திரை சேர்த்துக் கொடுப்பார். அவர் சொல்லாமல் ஒரு நாள்கூட விடக் கூடாது. இந்த ஆஸ்பிரினோடு ஐபுபுரூஃபன் சேர்த்தால் ஆஸ்பிரினின் பலனே குறையக்கூடும், கடையில் ஐபுபுரூஃபனைக் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

உங்கள் அம்மா இந்த முட்டிவலி மாத்திரையை இன்றே நிறுத்தட்டும். வலிக்கு முட்டியில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் போதும், அது ரத்தத்தில் மிகக் கொஞ்சமாகத்தான் கலக்கும். எரிச்சலுக்கு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மலம் கன்னங்கரேலென்று பிசுபிசுப்பாகப் போனாலோ, ரத்தவாந்தி வந்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அவர் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால், மூன்று மாதத்தில் சிறுநீரகத்துக்கும் அடி விழுந்திருக்கலாம், கிரியேட்டினின் பரிசோதனைக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.