குதிக்கால் முறிந்தது, மூஸ் வேட்டையும் போயிற்று: இந்த ஒக்டோபரை எப்படிக் கடப்பது?

கேள்வி: எனக்கு வயது 51. ஸ்காபரோவில் வசிக்கிறேன், ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்த கனேடிய நண்பர் ஒருவர் மூலம் வேட்டை பழகினேன். பாடநெறிகளை முடித்து, உரிமங்களை எடுத்து, வருடக்கணக்காகப் புள்ளி சேர்த்த பிறகு இந்த வருடம்தான் முதன்முறையாக ஆண் மூஸ் (பெரிய காட்டு மான்) ஒன்றைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு, அதாவது டேக், எனக்குக் கிடைத்தது. செப்டெம்பரில் வீட்டுப் பீலியில் அடைந்திருந்த இலைகளை அள்ள ஏணியில் ஏறியபோது, ஈர இலையில் ஏணியின் கால் வழுக்கிக் கல் பதித்த தரையில் நின்ற வாக்கிலேயே விழுந்தேன். வலது குதிக்கால் எலும்பு நொறுங்கிவிட்டது. வீக்கம் வற்றும்வரை காத்திருந்து, தகடும் திருகாணிகளும் வைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். வட ஒன்ராறியோவில் கொக்ரேனுக்கு வடக்கே எங்கள் குழு முகாம் போடுகிறது. "நீ முகாமில் இருந்தால் போதும், உன் டேக்கில் நாங்கள் சுடுகிறோம்" என்று ஒரு நண்பர் சொல்கிறார். இன்னொருவர் ஏ.ரி.வியில் (காட்டுப் பாதையில் ஓடும் சிறு வண்டி) ஏற்றிக்கொண்டு போகலாம் என்கிறார். "கடவுளாகப் பார்த்துத் தடுத்துவிட்டார்" என்று மனைவி சொன்ன நாளிலிருந்து அவரோடு சரியாகப் பேச முடியவில்லை. இரவில் நித்திரை வருவதில்லை, எழுந்து துவக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் என்னோடு படித்தவர்களில் காலையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வேட்டைக்காக நான் கண் கலங்குவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. போகலாமா, கூடாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

சீசன் தொடங்குமுன் உங்களுக்கு முடிவு தெரிய வேண்டும் என்பதால், போக வேண்டாம் என்ற ஒற்றை வரிப் பதிலை முன்னரே தனியாக அனுப்பியிருந்தேன். அதற்கான காரணங்களையும், நீங்கள் கேட்காமல் விட்ட சிலவற்றையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வெட்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போரில் காலை இழந்த நண்பர்களை நினைத்து உங்கள் மனவருத்தத்தை நீங்களே அடக்கிவைக்கிறீர்கள். அவர்கள் பட்டதற்கு ஈடாக எதையும் வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் அவர்களோடு போட்டிக்கு நிற்கவில்லையே. வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் விண்ணப்பித்து, கிடைக்காத ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி சேர்த்து, கடைசியில் டேக்கைப் பெற்றுக்கொண்டபோது அந்தப் புள்ளிகள் யாவும் பூச்சியமாகிவிட்ட நிலையில், அதைப் பயன்படுத்த முடியாமல் நாற்காலியில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கும் ஒருவருக்குத் துக்கம் வருவது இயல்பு. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. "எனக்கு இது பெரிய இழப்பு" என்று ஒருமுறையாவது வாய்விட்டு யாரிடமாவது சொல்லுங்கள். சொல்லாமல் வைத்திருக்கும் துக்கம்தான் "எப்படியாவது போய்விடலாம்" என்ற யோசனையாக மாறி வருகிறது என்று எனக்குப் படுகிறது.

இனிக் காலுக்கு வருகிறேன். குதிக்கால் முறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே ஓர் இயன்மருத்துவராக என் தொழில் என்பதால், இதில் சுற்றி வளைக்காமல் பேச முடியும். உயரத்திலிருந்து நின்ற வாக்கில் விழும்போது உடம்பின் எடை முழுவதும் குதிக்கால் எலும்பில் இறங்குகிறது. வெளியே தடித்த ஓடும் உள்ளே பஞ்சுபோன்ற எலும்பும் கொண்டது அது. ஆகையால் கை எலும்பைப்போல ஓரிடத்தில் உடையாமல் நசுங்கிப் பல துண்டுகளாகிறது. பல வேளைகளில் அந்த முறிவு, குதிக்கால் எலும்புக்கும் அதன் மேலே இருக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மூட்டுக்குள்ளும் போய்விடுகிறது. பாதத்தை உள்பக்கமும் வெளிப்பக்கமும் சரித்துக் கொடுப்பது அந்த மூட்டுத்தான். சமதரையில் நடக்கும்போது அதன் அருமை அதிகம் தெரியாது. பாசி படிந்த கல், விழுந்து கிடக்கும் ஸ்ப்ரூஸ் மரம், கால் புதையும் சதுப்பு நிலம், இவற்றில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது வேலை செய்கிறது. எனவே இந்தக் காயத்துக்குப் பிறகு வீட்டுக்குள் நடப்பதும் கடைத்தெருவில் நடப்பதும் முதலில் திரும்பிவரும், மேடுபள்ளமான நிலத்தில் வலியின்றி நடப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். முன்னேற்றம் ஒரு வருடத்துக்கு மேலும் தொடர்வதுண்டு, சிலருக்கு ஓரளவு இறுக்கம் நிரந்தரமாகவே தங்கிவிடும். நீங்கள் ஆசைப்படுவது அந்தக் கடைசி நிலத்தில் நடப்பதற்கு என்பதால், ஒரு கணக்கெழுத்தாளரைவிட உங்களுக்குத்தான் இந்த மூட்டு அதிகம் தேவை.

பொதுவாக இத்தகைய சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை அந்தக் காலில் எடையே வைக்கக்கூடாது என்பார்கள். உங்களுக்கு எத்தனை வாரம் என்பதை உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வார். அதற்குமுன் ஒருதரம் தடுக்கிக் காலை ஊன்றிவிட்டால், தகடு பிடித்துவைத்திருக்கும் துண்டுகள் இடம் பெயரக்கூடும். தையல் போட்ட இடமும் கவலைக்குரியதுதான். குதிக்காலின் பக்கவாட்டில் தோல் மெல்லியது, அதன் கீழே சதை மிகக் குறைவு, ஆகவே அங்கே புண் ஆறாமல் பிரிந்து கிருமி பிடிப்பது மற்ற இடங்களைவிட எளிது. சிகரெட்டை "குறைத்திருக்கிறேன்" என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். குறைத்தது போதாது, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். புகை இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அந்தத் தோலுக்குப் போகும் கொஞ்ச இரத்தத்தையும் தடுக்கிறது, எலும்பு ஒட்டுவதையும் தாமதமாக்குகிறது. எனக்குத் தெரிந்தவரை, இன்றைக்கு உங்கள் கையில் முழுதாக இருக்கும் ஒரே வைத்தியம் இதுதான்.

முகாமில் சும்மா இருக்கத்தானே போகிறேன் என்று கேட்பீர்கள். ரொறன்ரோவிலிருந்து கொக்ரேன் ஏறத்தாழ 700 கிலோமீற்றர். காலில் சத்திரசிகிச்சை செய்து சில வாரங்களே ஆன ஒருவர் முழங்காலை மடக்கிக்கொண்டு அவ்வளவு நேரம் வாகனத்தில் இருப்பது, காலின் ஆழமான நாளங்களில் இரத்தம் உறைவதற்கு ஏற்ற சூழ்நிலை. அந்த உறைவு நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. வீட்டில் இருக்கும்போதே கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு குத்தினாலோ தாமதிக்காமல் 911ஐ அழையுங்கள். கைபேசி எடுக்காத காட்டுப் பாதையின் முடிவில் அந்த வசதி உங்களுக்கு இருக்காது. முதுகு வலி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்படி விழுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முள்ளந்தண்டிலும் முறிவு இருப்பதுண்டு என்பதால், அடுத்த பரிசோதனையில் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நண்பர்கள் சொன்ன இரண்டு வழிகளும் அன்பினால் வந்தவை, அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனாலும் இரண்டுமே தவறானவை. ஒன்ராறியோவில் குழுவாக மூஸ் வேட்டையாடலாம், ஒருவருடைய டேக்கில் குழுவிலுள்ள மற்றவரும் சுடலாம். ஆனால் அதற்கு டேக் வைத்திருப்பவரும் அந்த வேட்டையில் உண்மையாகவே பங்குகொண்டிருக்க வேண்டும். முகாமில் காலை நீட்டிக்கொண்டு இருப்பவரின் டேக்கில் காட்டுக்குள் ஒரு மிருகத்தைச் சுட்டால் அது சட்டவிரோதம். பிடிபட்டால் உங்களோடு சேர்ந்து அவர்களும் மாட்டிக்கொள்வார்கள். ஏ.ரி.வி விஷயமும் அப்படியே, ஓடும் வண்டியிலோ நிற்கும் வண்டியிலோ தோட்டா போட்ட துவக்கை வைத்திருக்கக்கூடாது. கீழே இறங்கி நின்றால் இரண்டு கைகளும் ஊன்றுகோலில் இருக்கும். வலி மாத்திரை போட்டு நித்திரைக் கலக்கத்தில் இருப்பவர் துவக்கைத் தொடவே கூடாது என்பதை வேட்டைப் பாடநெறி முடித்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இவை எல்லாவற்றையும் கடந்து குறி தப்பாமல் சுட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 400, 500 கிலோ எடையுள்ள ஒரு ஆண் மூஸைக் காட்டுக்குள்ளேயே துண்டு போட்டு, தொடையும் தோளுமாகச் சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். சுட்டவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அது இல்லை.

டேக் வீணாகாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்பதை, சீசன் தொடங்குமுன் இயற்கைவள அமைச்சின் சேவைப் பிரிவை நேரடியாக அழைத்துக் கேளுங்கள். சத்திரசிகிச்சைத் திகதி குறித்த வைத்தியரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காயத்தின் காரணமாக வேட்டைக்குப் போக முடியாதவருக்குப் புள்ளிகள் தொடர்பாக என்ன செய்யலாம் என்று தெளிவாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சீசன் தொடங்கிய பிறகு கேட்பதைவிட இப்போது கேட்பதே நல்லது. வேலைக்கும் இதே கடிதம் உதவும். வீட்டில் நடந்த விபத்து என்பதால் வேலையிட விபத்துக் காப்பீடு உங்களுக்குப் பொருந்தாது. வேலை நிறுவனத்தில் காப்பீடு இல்லையென்றால், தகுதி இருப்பவர்களுக்கு வேலையிழப்புக் காப்புறுதியின் நோய்க்கால உதவி 26 வாரங்கள் வரை கிடைக்கும். நாள் முழுவதும் நின்று செய்யும் வேலை உங்களுடையது, ஆகவே விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் மனைவி சொன்ன வார்த்தையைப் பற்றிச் சற்று நேரம் யோசித்தேன். கடவுள் தடுத்தார் என்பது உங்களைக் குத்தியிருக்கும், நீங்கள் ஆசைப்பட்ட ஒன்று கெட்டதில் அவருக்கு மகிழ்ச்சி என்று கேட்டிருக்கும். ஆனால் கல்தரையில் நீங்கள் விழுந்த சத்தத்தைக் கேட்டு ஓடிவந்தவர் அவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றுமுதல் உங்களைக் குளிப்பாட்டுவதும், கால் நனையாமல் பிளாஸ்டிக் உறை கட்டுவதும், வைத்தியசாலைக்குக் கார் ஓட்டுவதும், தன் வேலைக்குப் போய்வருவதும் எல்லாம் அவர்தான். வீட்டு வாசலிலேயே இப்படி நடந்தால் ஆளில்லாக் காட்டில் என்ன நடக்கும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது, அதைக் கடவுளின் பெயரில் சொல்லியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். வேட்டையை அவர் விரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "நான் இந்த வருடம் போகவில்லை, முடிவு செய்துவிட்டேன். ஆனால் போக முடியாதது எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது" என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லுங்கள். முதல் பாதி அவர் பயத்தைக் குறைக்கும், அதன் பிறகு இரண்டாவது பாதியைக் கேட்க அவருக்கு இடமிருக்கும். அடுத்த இலையுதிர்காலத்தில் பீலி துப்புரவு செய்ய ஆள் வைப்பதாகவும் சேர்த்துச் சொன்னால் நல்லது. அப்படிச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

நித்திரையில்லாத இரவுகளும் துவக்கும் என்ற வரியை நான் பலமுறை படித்தேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு இருப்பதாக அந்தக் கடிதத்தில் எதுவும் இல்லை. இருந்தாலும், அசைய முடியாமல், வலியோடு, வேலையும் இல்லாமல் வாரக்கணக்கில் வீட்டில் இருப்பவர்களை மனச்சோர்வு மெதுவாகப் பிடித்துக்கொள்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே உரிமம் உள்ள உங்கள் நண்பர் ஒருவரிடம் அந்தத் துவக்கை வசந்தகாலம்வரை பூட்டி வைத்திருக்கக் கொடுத்துவிடுங்கள். அவர் வடக்கே போகுமுன் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். நித்திரை, பசி, எரிச்சல் இவற்றில் மாற்றம் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனம் தாங்காத ஓர் இரவு வந்தால் 988 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

இனி அந்த ஒரு வாரத்தை எப்படிக் கழிப்பது என்பதற்கு வருகிறேன். குழுவில் இன்னொருவரிடம் மூஸ் கன்றுக்கான டேக் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அவர்கள் எப்படியும் போவார்கள். கோடையில் போய்ப் பார்த்த தடங்கள், நீர்நிலைகள், காற்று வரும் திசை பற்றி நீங்கள் எழுதிவைத்த குறிப்புப் புத்தகத்தை அவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். கைபேசித் தொடர்பு கிடைக்கும் இடத்துக்கு வரும்போது மட்டும் அழைக்கச் சொல்லுங்கள். நாள் முழுவதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்களை வாட்டும். அவர்கள் இறைச்சியோடு திரும்பினால் அதை வெட்டிச் சுற்றும் வேலையை உங்கள் வீட்டு மேசையில் வைத்துக்கொள்ளலாம். காலை இன்னொரு நாற்காலியில் தலையணை வைத்து உயர்த்திவிட்டு, சவ்வும் கொழுப்பும் நீக்கி, கறிக்கு ஒரு அளவிலும் பொரியலுக்கு இன்னொரு அளவிலும் வெட்டி, கடதாசியில் சுற்றித் திகதி எழுதுவதற்கு இரண்டு கைகளும் ஒரு கூரிய கத்தியும் போதும். நடக்காமல் செய்யக்கூடிய, ஆனாலும் வேட்டையின் உண்மையான பகுதியாகிய வேலை அது. மாத்திரையின் மயக்கம் இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் மீண்டும் விண்ணப்பியுங்கள். புள்ளிகள் திரும்பக் கிடைக்காவிட்டாலும், குறைந்த புள்ளிகளோடு கன்றுக்கான டேக் கிடைக்கக்கூடிய பகுதிகள் உண்டு. உங்கள் வேட்டை நண்பர் அவற்றை அறிந்திருப்பார். அந்த மாதம் வரும்போது நீங்கள் சப்பாத்துப் போட்டு நடந்துகொண்டிருப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன், ஆனாலும் அடுத்த ஒக்டோபரில் எவ்வளவு தூரம் காட்டுக்குள் போகலாம் என்பதை அன்றைய கால்தான் தீர்மானிக்கும். காலில் எடை வைக்க அனுமதி கிடைத்ததும், எக்ஸ்ரே அறிக்கையில் மூட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைக் குறிப்பிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். மேடுபள்ளத்தில் நடப்பதற்கான பயிற்சிகளை அப்போது தனியாக எழுதுகிறேன்.