பல் பிடுங்கிய நாலாம் நாள் வலி

தம்பி, இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, கீழ் ஞானப்பல்லைப் பிடுங்கி நாலு நாள் கழித்து வலி காதுவரை ஏறுகிறது, வாயும் நாறுகிறது, ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாட்டிக் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாடகை வீடு, பகுதிநேர வேலை பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பல்லைப் பற்றியே சொல்கிறேன்.

அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். கேட்டால் ட்ரை சாக்கெட் மாதிரிதான் தெரிகிறது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து எலும்பை மூடியிருக்க வேண்டும். அது கழன்று போனால் எலும்பு திறந்து கிடக்கும், வலி உயிர் போகும். அதற்கு ஆன்டிபயாட்டிக் பொதுவாகத் தேவையில்லை. குழியைக் கழுவி மருந்து வைத்துக் கட்டவேண்டும். காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் அது வேறு விஷயம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம்மவர்களிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். பெட்டி நிறைய அமாக்சிசிலின் கொண்டுவந்து, யாருக்கு எது வலித்தாலும் ஆளுக்கு நாலு கொடுப்பார்கள். 'ஊருக்குப் போகும்போது பார்த்துக்கலாம்' என்று பல்லைத் தள்ளிப்போடுவார்கள்.

நானும் 2009இல் வந்த புதிதில் பட்டிருக்கிறேன். பல் பிடுங்கிய அன்றிரவே, அம்மா சொன்னாளே என்று உப்புத் தண்ணீரில் பலமாகக் கொப்பளித்தேன். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது என்று தெரியாது. மூன்றாம் நாள், கிடங்கில் இரவு வேலையில் பெட்டி தூக்கும்போது தாடையே பிளப்பதுபோல் இருந்தது. பிடுங்கிய கிளினிக்கில் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காதான் அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் போட்டு, எங்கே போகவேண்டும் என்று கேட்டுக் கொடுத்தார். அவசரப் பல் சிகிச்சைக்கு ஏற்கெனவே ஒரு பல் டாக்டரிடம் பதிந்திருக்க வேண்டியதில்லை என்பதே அன்றுதான் தெரிந்தது.

நீங்களும் முதலில் பிடுங்கிய இடத்துக்குப் போன் போடுங்கள், நடக்காவிட்டால் இப்போதைய அரசு மருத்துவ உதவி எண்ணான 111க்கு. விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியிருந்தாலும் பல்லுக்குத் தனியாகக் காசு உண்டு. 2025 ஏப்ரலில் அவசரச் சிகிச்சைக்கு 27.40 பவுண்டாக இருந்தது. வருமானம் குறைவென்றால் கட்டணத்துக்கு உதவி கேட்கும் எச்சி1 (HC1) படிவம் போட்டுப் பாருங்கள். அதுவரை புகை, ஸ்ட்ரா இரண்டும் வேண்டாம். கிராம்பு எண்ணெயை நீங்களே குழிக்குள் விடாதீர்கள், ஈறு வெந்துவிடும்.

எனக்கு உப்பு நீரால் கழுவி மருந்துத் துணி வைத்தார்கள். அதில் கிராம்பு வாசனை. அரை மணி நேரத்தில் வலி இறங்கியது. அன்றிரவு அக்கா வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டே, மூன்று நாளுக்குப் பிறகு ரசம் சாதம் சாப்பிட்டேன்.