கேள்வி - பதில்: கண்ணகியின் காய்சினமும் மன்னர்களின் வஞ்சினமும்

கேள்வி: பாண்டிய மன்னன் தன் தவற்றை உணர்ந்து அரியணையிலேயே உயிர் விட்ட பிறகும், கண்ணகி தன் மார்பைத் திருகி எறிந்து ஊரை எரித்தாள் என்பது மிகையாகத் தோன்றுகிறது. இது இளங்கோவடிகளின் கற்பனைதானா? வேறு எங்காவது இப்படி ஒரு செய்தி உண்டா? (வாசகி ஒருவர், மதுரை)

பதில்: உண்டு. நற்றிணையின் 216ஆம் பாட்டில், மதுரை மருதன் இளநாகனார், வேங்கை மரத்தில் கடவுள் உறையும் ஒரு கழனிப் பரணைக் குறிப்பிட்டு, அயலான் ஒருவன் செய்த கொடுமையால் கலங்கி 'ஒருமுலை அறுத்த திருமாவுண்ணி' என்ற பெண்ணைப் போகிற போக்கில் நினைவூட்டுகிறார். அவளே கண்ணகி என்பாரும் வேறொருத்தி என்பாரும் உண்டு. அந்த வழக்கு தீராவிட்டாலும், விளக்கம் எதுவும் சேர்க்காமல் புலவர் பெயரை மட்டும் சொல்லிச் செல்வதிலிருந்து, கேட்பவர்களுக்கு அந்தக் கதை முன்பே தெரிந்திருந்தது என்பது விளங்குகிறது.

புறநானூறு 278இல் வரும் கிழவியையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நரம்பு புடைத்து உலர்ந்த தோளையுடைய அவளிடம், 'உன் மகன் புறமுதுகு காட்டி மாண்டான்' என்று பலர் சொல்ல, அது உண்மையானால் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளோடு போர்க்களத்தில் பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். மகன் உடல் சிதைந்து கிடப்பதைக் கண்டதும், பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தாள் என்று காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டை முடிக்கிறார். மகனை இழந்தவளின் மகிழ்ச்சி இன்று படிக்கும் நமக்கு அச்சமூட்டுகிறது; ஆனால் அந்தக் கிழவியின் சினம் பகைவன் மேல் பாயவில்லை, தன் உடல்மேல்தான் பாய்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி, மிகைதானா என்ற உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். இளங்கோ அந்தச் சினத்தைத் திடீரென்று மூட்டவில்லை. செய்தி கேட்டதும் கண்ணகி முதலில் கதிரவனிடம் 'கள்வனோ என் கணவன்' என்று கேள்விதான் கேட்கிறாள். வெட்டுண்ட உடலைக் கண்ட பின்னரே, 'காய்சினம் தணிந்தன்றிக் கணவனைக் கைகூடேன்' என்கிறாள். அதாவது, இறந்து கணவனோடு சேர்வதைக்கூடச் சினம் தணியும்வரை தள்ளி வைக்கிறாள். அரண்மனை வாயிலோன் அவளைக் கண்டு நடுங்கி, கொற்றவையோ காளியோ என்று தேடி, எதுவும் பொருந்தாமல், 'செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்' (பகை கொண்டவள் போலும், சினம் கொண்டவள் போலும்) என்று மன்னனிடம் உளறுவதுபோல் சொல்கிறானே, அந்த 'போலும்' இரண்டும் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். இத்தகைய சினத்தை அந்தக் காவலன் அதற்கு முன் கண்டதே இல்லை. பிறகு சிலம்பு உடைந்து, முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறிக்கிறது, மன்னன் வீழ்கிறான், கோப்பெருந்தேவியும் வீழ்கிறாள். வழக்கில் கண்ணகி வென்றுவிட்டாள், ஆனால் சினம் தணியவில்லை. 'பட்டாங்கு யானுமோர் பத்தினியே ஆமாகில் ஒட்டேன் அரசோடு ஒழிப்பேன் மதுரையும்' என்று அவள் சூளுரைப்பது அதன் பிறகுதான். தன் கற்பையே பணயமாக வைத்த அந்தச் சொல்லுக்குப் பின், மார்பைத் திருகியது அந்தப் பணயத்தைக் கையால் எடுத்து வீசிய செயல் என்றே நான் படிக்கிறேன். அப்போதும் தீக்கடவுளிடம் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடும்படி கட்டளை இடுகிறாள். நகரைக் காக்கும் மதுராபதித் தெய்வமோ, அவள் முகத்துக்கு எதிரே நிற்க அஞ்சி, முதுகுப் பக்கமாக வந்து நின்று பேசுகிறது.

கேள்வி: வஞ்சினம் என்பதும் சினமும் ஒன்றா? சங்க கால அரசர்கள் சினந்தால் என்ன சொன்னார்கள்? (வாசகர் ஒருவர், திருநெல்வேலி)

பதில்: இரண்டும் ஒன்றல்ல. 'இன்னதைச் செய்யத் தவறினால் நான் இன்னவாறு ஆகுக' என்று தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் சூளுரையே வஞ்சினம் என்று தொல்காப்பியம், புறத்திணைகளுள் ஒன்றான காஞ்சித் திணையில் சொல்கிறது. பகைவனை 'நீ அழிக' என்று சபிப்பதற்கு நேர் எதிரான அமைப்பு இது.

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் (சிலப்பதிகாரத்தில் வரும் நெடுஞ்செழியன் வேறு) பாடிய புறநானூறு 72ஆம் பாட்டைப் பாருங்கள். என்னை 'இளையன்' என்று இகழ்ந்த வேந்தர்களை முரசோடு கைப்பற்றாவிட்டால், நான் குடிமக்கள் கண்ணீர் வடித்துக் 'கொடியன் எம் இறை' என்று பழி தூற்றும் கோலுடையவன் ஆகுக. மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகுக. இரப்பவர்க்கு ஈய இயலாத வறுமை எனக்கு வருக என்கிறான். ஒரு மன்னன் எவற்றை இழக்க அஞ்சினான் என்பதற்கு இதைவிட நேரான வாக்குமூலம் கிடைப்பது அரிது. சோழன் நலங்கிள்ளியோ, பணிந்து வந்து இரந்தால் அரசென்ன, உயிரையும் தருவேன் என்று தொடங்கி, இகழ்ந்தவனை யானைக் காலில் அகப்பட்ட மூங்கில் முளைபோல் நசுக்காவிட்டால், அன்பில்லாத மகளிரின் தழுவலில் என் மாலை வாடட்டும் என்று முடிக்கிறான். இளைஞனின் வஞ்சினம், வேறென்ன சொல்வது!

வெகுளி பிறக்கும் இடங்கள் உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடியை நலிதல்), அலை (அலைத்துத் துன்புறுத்தல்), கொலை என நான்கு என்று, உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வரையறுக்கிறது. கண்ணகியின் சினம் கொலையின்பாற்படும். நெடுஞ்செழியன் சினந்ததோ ஒரு சொல்லுக்கு. வைதலையும் 'அலை' என்பதில் அடக்கினால்தான் அவனுக்கு அங்கே இடம் கிடைக்கும்.

கேள்வி: கூந்தலை முடியேன் என்ற பாஞ்சாலியின் சபதம் பாரதியார் படைத்ததா? (வாசகர் ஒருவர், விழுப்புரம்)

பதில்: இல்லை. பாரதியாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வில்லிபுத்தூராரின் பாரதத்தில் அச்சபதம் இருக்கிறது. விரித்த கூந்தலை முடிப்பதையே மையமாகக் கொண்ட 'வேணீசங்காரம்' என்ற வடமொழி நாடகமும் உண்டு. துச்சாதனன் குருதியையும் துரியோதனன் குருதியையும் கலந்து குழலில் பூசிய பிறகே சீவி முடிப்பேன் என்ற உக்கிரமான வடிவத்தில் பாரதி அதைப் பாடினார். உங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளத்தைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் படுத்த துரியோதனனின் பெரிய உருவத்தில் தொடையைப் பிளந்து, அதன் செந்நீர் கொண்டு அம்மன் கூந்தலை முடிக்கிறார்களே, அந்த மண் உருவத்தின் முன் நிற்பவர்களுக்கு அச்சபதம் ஏட்டில் உள்ள செய்தி அல்ல.

கேள்வி: எரிக்கும் ஆற்றல் இருந்தும் எரிக்காதவர் எவரேனும் உண்டா? (வாசகி ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: கம்பரின் சீதை. தன் தோளில் ஏறி வந்துவிடும்படி அனுமன் வேண்டியபோது, எல்லையற்ற உலகங்கள் யாவற்றையும் 'என் சொல்லினால் சுடுவேன்' என்கிறாள். ஆனால் அது இராமனின் வில்லாற்றலுக்கு மாசு என்று அந்த எண்ணத்தை வீசிவிட்டதாகவும் சொல்கிறாள். கண்ணகிக்காக வில்லெடுக்க எவரும் உயிரோடு இல்லை.