பிளக்கோடு கூடவே வந்த கம்பிச் சுருள்

கேள்வி: விமானப் பராமரிப்புப் படிக்கிறேன். பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு செஸ்னா 152இன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பிச் சுருளும் சேர்ந்து வந்துவிட்டது. அதைத் திரும்பத் துளைக்குள் திருகிவிடலாமா? புரி பழுதாகாமல் பார்ப்பது எப்படி?
– வாசகர், உப்புவெளி

பதில்: வேண்டாம் தம்பி, திருகவே வேண்டாம்.

அதன் பெயர் ஹெலிகொயில். செஸ்னா 152இல் இருப்பது லைகமிங் ஓ-235 எஞ்சின். நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக். பிளக் உருக்கு, அது பூட்டப்படும் சிலிண்டர் தலையான ஹெட் அலுமினியம். அடிக்கடி கழற்றிப் பூட்டினால் அலுமினியப் புரி தாங்காது என்பதால்தான் அந்த 18 மில்லிமீட்டர் துளைக்குள் துருப்பிடிக்காத உருக்குச் சுருள் போட்டிருக்கிறார்கள். வெளியே வந்த சுருள் இழுபட்டுக் கோணியிருக்கும், அது குப்பைக்கு. புதியதை அதற்குரிய டூலால் இறக்க வேண்டும். துளை தேய்ந்து அதுவும் ஆடினால், சற்றுப் பெரிய ஓவர்சைஸ் சுருள் இருக்கிறது. சுருளின் நுனி எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நின்றால் மட்டும் விடக் கூடாது. அந்தக் கம்பி முனை சிவக்கச் சூடாகி, பிளக் பொறி விட முன்னமே கலவையைப் பற்றவைத்துவிடும், பிறகு பிஸ்டனின் கதியைச் சொல்லத் தேவையில்லை. துளையைச் சுற்றி வெடிப்புத் தெரிந்தால் சுருள் கதையே இல்லை, சிலிண்டரை இறக்க வேண்டியதுதான். எதுவானாலும் உரிமமுள்ள பொறியியலாளர் பார்த்து லொக் புத்தகத்தில் ஒப்பமிட வேண்டிய வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

சுருள் ஏன் வந்தது? பெரும்பாலும் காய்ந்த புரியும் கரியும்தான். அதோடு நம்முடைய கடற்காற்று. திருகோணமலைச் சீனன்குடா விமானத்தளம் மாதிரி உப்புத் தண்ணீர் பக்கத்தில் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் பறக்காமல் நிற்கும் விமானத்தில், உருக்கும் அலுமினியமும் ஒட்டிய இடத்தை உப்பீரம் அரித்துப் பிளக்கைப் பிடித்துக்கொள்ளும். முழுப்பலத்தோடு ரெஞ்சை இழுத்தால் சுருளும் வரத்தானே செய்யும்.

ஆகவே பூட்டும்போது, புரி இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் அன்டி-சீஸ் பசை கொஞ்சம், உண்மையிலேயே கொஞ்சம். பொறி விடும் நுனியிலிருந்து முதல் புரியை வெறுமனே விட்டு இரண்டாவது, மூன்றாவது புரியில் மட்டும். தாராளமாகப் பூசினால் சூட்டில் இளகிப் பொறி விடும் எலெக்ட்ரோடுக்கு ஓடிப் பிளக்கையே ஷோர்ட் ஆக்கும். கொப்பர் வோஷர் ஒவ்வொரு முறையும் புதிது, ஒன்றே ஒன்று. சிலிண்டர் சூட்டை அளக்கும் வெப்பமானியின் வளையம் பிளக்குக்கு அடியில் வருகிற வகையானால் அந்த வளையம்தான் வோஷர், இரண்டையும் அடுக்காதீர்கள். அடுக்கினால் பிளக் மேலேறி, அடியில் வெளித்தெரிகிற புரியில் கரி படியும், அடுத்த முறை கழற்றும்போது அந்தக் கரியே அரம் மாதிரி ராவும். பிறகு விரலால் மட்டும் திருகுங்கள். வோஷரில் போய் முட்டும்வரை விரலுக்கே வர வேண்டும். நடுவில் நின்றால் ரெஞ்சைத் தேடாமல் வெளியே எடுத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். கடைசியில், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சில் 35 ஃபுட்-பவுண்ட். இது லைகமிங்குக்கு. செஸ்னா 150இல் வருகிற கொன்டினென்டல் ஓ-200க்கு 25 முதல் 30 வரைதான், பக்கத்து விமானத்தின் கணக்கைக் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள். கைதவறி விழுந்த பிளக்கை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், போட வேண்டாம். உள்ளே பீங்கான் வெடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: என் வள்ளத்து அவுட்போர்ட் மோட்டாரில் பிளக் புரி போய்விட்டது. லேத்காரத் தம்பி சுருள் போடலாம் என்கிறார். நம்பலாமா?
– வாசகர், திருக்கடலூர்

பதில்: நம்பலாம் அண்ணை, அதே மாதிரிச் சுருள்தான், உங்களுடையது அநேகமாக 14 மில்லிமீட்டராக இருக்கும். ஹெட்டைக் கழற்றி வைத்துத் துளையிடச் சொல்லுங்கள். கழற்றாமல் செய்தால் அலுமினியச் சீவல் சிலிண்டருக்குள் விழும், அதை எடுப்பதற்குச் சுருளைவிட அதிகம் செலவாகும். புதுப் பிளக்கின் மேல் நுனியில் ஒரு சாண் பெட்ரோல் குழாயைச் செருகித் திருகுங்கள். புரி மாறிப் பிடித்தால் குழாய்தான் வழுக்கும், ஹெட் தப்பும். கையிறுக்கத்துக்குப் பிறகு ரெஞ்சில் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைய. பழைய வோஷரோடு பூட்டுகிற பிளக்கானால் பன்னிரண்டில் ஒரு சுற்றே போதும்.